யுவராணி தன் கம்ப்யூட்டரோடு தேனிக்குப் போனது குறித்து

என் பெயர் யுவராணி. வயது 22. தகப்பனார் பெயர் பிச்சைமணி. பண்ணைப்புரம் கிழக்குத் தெருவில் பெற்றோருடன் வசித்து வந்தேன். தற்போது தேனியில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருக்கிறேன். சிவில் டிப்ளமோ படித்திருக்கிறேன். இத்ரீஸ் என்பவர் என்னைக் கடத்திச் சென்றதாக என் அண்ணன் சுருளிராஜன் கொடுத்த புகார் தொடர்பாக, நீதித்துறை நடுவர் அவர்கள் முன் ஆஜராகி நடந்ததைச் சொல்கிறேன்.

படிப்பு முடிந்த பிறகு, தேனியில் கட்டட இன்ஜினியராக இருக்கும் இவாஞ்சலின் அவர்களுக்கு எங்கள் வீட்டிலிருந்தே வரைபடம் போட்டுக் கொடுத்து வந்தேன். கட்டப் போகும் வீடு எப்படி இருக்கும் என்று படமாகக் காட்ட வேண்டிய வேலை வந்தால் என் பழைய லேப்டாப் சூடாகி நின்றுவிடும். ஆகவே சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஐம்பதாயிரத்துக்குள் ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்வது என்று முடிவெடுத்து, என்னுடன் படித்த சுமையாவிடம் சொன்னேன். அவர் பழனிசெட்டிபட்டியில் தன் தம்பி இத்ரீஸ் நடத்தும் கம்ப்யூட்டர் கடைக்கு என்னை அழைத்துச் சென்றார். அதற்கு முன் இத்ரீஸை நான் பார்த்தது கிடையாது. அவர் என்னைவிட இளையவர். முதல் நாளிலிருந்தே என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

என்ன வேலைக்கு என்று கேட்டார். சொன்னேன். அதற்கு அவர், "அப்படின்னா கலர் லைட்டு எரியிற கேபினட்டுக்குக் காசக் கொட்டாதீக அக்கா. ப்ராசஸர்லயும் ராம்லயும் போடுங்க. கிராபிக்ஸ் கார்டு பழசு ஒண்ணு நல்லதா இருக்கு, ஓட்டிக் காட்டுறேன். பவர் சப்ளை மட்டும் மட்டமா வாங்கிராதீக" என்றார். நானே மாட்ட வேண்டும், பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தால் போதும் என்று கேட்டேன். சம்மதித்தார்.

சாமான்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் கடைக்குப் போனேன். கடைக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. சுமையா கடைசி வரை உடன் இருந்தார். மதர்போர்டில் ப்ராசஸரை வைக்கும்போது அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்பிகள் வளைந்து போகும் என்பதால் இத்ரீஸ் குனிந்து பார்த்துக்கொண்டே சொன்னார். எந்த இடம் என்பதை விரலால் காட்டாமல் ஸ்குரூ டிரைவர் நுனியால் காட்டினார். என் கை மேல் அவர் கை படக் கூடாது என்று அவர் அப்படிச் செய்ததை நான் கவனித்தேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது, திரையில் எழுத்து வந்தது. மூன்று பேரும் சிரித்தோம். சுமையா டீ வரவழைத்தார். மாலையில் கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ப்ராசஸரை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வெளியிலிருந்து போட்டோ எடுத்திருக்கிறார். அதில் நானும் இத்ரீஸும் குனிந்திருப்பது மட்டும் தெரிகிறது. சுமையா தெரியவில்லை. போட்டோ என் அண்ணனுக்கு வந்தது. அதன் பிறகு வீட்டில் என் போனை வாங்கிக்கொண்டார்கள். இனி வேலை எதுவும் செய்ய வேண்டாம் என்றார்கள். போடியில் மாப்பிள்ளை பார்த்தார்கள். கம்ப்யூட்டர் அவன் கொடுத்தது, அதை உடைத்து வாய்க்காலில் போடுவேன் என்று அண்ணன் சொன்னார். என் சம்பளத்தில் வாங்கியது என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு தகப்பனாரும் அண்ணனும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தபோது, என் தாயார் அக்கம்மாள் கம்ப்யூட்டர் கேபினட்டைப் போர்வையில் சுற்றித் தலையில் தூக்கிக்கொண்டார். மானிட்டரை என்னை எடுக்கச் சொன்னார். இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். பஸ் வந்ததும், "ஒன்னைய அனுப்புறேன்னு நெனைக்காத ஆத்தா. இந்தப் பொட்டிய ஒடைக்கக் கூடாது, அதான் அனுப்புறேன். அது தனியாப் போகாதுல்ல" என்றார். நான் தேனிக்கு வந்து இவாஞ்சலின் அவர்களைப் பார்த்தேன். அவர் விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சமயத்தில் இத்ரீஸிடம் நான் பேசவும் இல்லை, அவருக்கு நான் ஊரை விட்டு வந்தது தெரியவும் தெரியாது.

அண்ணன் புகார் கொடுத்ததோடு நில்லாமல், ஆட்களுடன் போய்க் கடைக் கண்ணாடியை உடைத்து இத்ரீஸை அடித்ததில் அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இவாஞ்சலின் அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இத்ரீஸ் என்னைப் பார்த்து, "சிஸ்டம் நல்லா ஓடுதா அக்கா?" என்று கேட்டார். ஓடுது என்றேன். சுமையா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் கிளம்பும் வரை திரும்பவில்லை.

அதன் பிறகு நானே காவல் நிலையத்தில் ஆஜரானேன். வீட்டை விட்டு வர உதவியது யார் என்று கேட்டார்கள். தாயாரின் பெயரைச் சொன்னால் அவர் அந்த வீட்டில் இருக்க முடியாது என்பதால் நான் பதில் சொல்லவில்லை. அப்படியானால் இத்ரீஸ்தான் என்று அண்ணன் சத்தம் போட்டார். அப்போது சுவரோரம் நின்றிருந்த என் தாயார், "நான்தேன் பஸ் ஏத்திவிட்டேன் சார். அந்தப் பையன் மொகத்தக்கூட நான் பாத்ததில்ல. அனுப்பிவிட்டதுக்குக் கோவம்னா என்னையத்தேன் அடிச்சிருக்கணும்" என்றார். என் தகப்பனார் வெளியே போய் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தாயாரைக் கூப்பிடவில்லை. அன்றிரவு தாயார் விடுதியில் என் கட்டிலில் படுத்தார். நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், யார் வீடு இது என்று கேட்டார். யாரோ கட்டப் போகிற வீடு என்றேன். அடுப்படியில் ஜன்னல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று திரையில் அந்த வீட்டைத் திருப்பிக் காட்டினேன்.

யாருடன் போக விரும்புகிறாய் என்று நடுவர் அவர்கள் கேட்டார்கள். தகப்பனாருடனோ அண்ணனுடனோ செல்ல எனக்கு விருப்பம் இல்லை. விடுதிக்கே செல்ல விரும்புகிறேன். வெளியே உட்கார்ந்திருக்கும் என் தாயாரையும் அழைத்துப் போக விரும்புகிறேன். அவரும் சம்மதித்திருக்கிறார். இத்ரீஸ் என்னைக் கடத்தவில்லை. அவர் எனக்குச் செய்தது நான் கேட்ட உதவி ஒன்றுதான்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மையாக இருக்கிறது, யாரும் சொல்லிக் கொடுத்தோ மிரட்டியோ சொல்லவில்லை. எழுதியதில் "இத்ரீஸ் என்பவன்" என்று இருந்ததை மட்டும் "இத்ரீஸ் என்பவர்" என்று திருத்தக் கேட்டேன். திருத்தப்பட்டது. அதன் பிறகு கையொப்பமிட்டேன்.

(ஒப்பம்) பி. யுவராணி