எது பொம்மை, எது ஆள்

சித்திரை பிறந்தால் போடியில் பம்ப்செட் மோட்டார்கள் அடிக்கடி எரிந்துபோகும். எனக்குச் சாப்பிடக்கூட நேரமிருக்காது. அப்படியும் எண்பத்து மூன்றாம் வருடச் சித்திரையில் பட்டறையைப் பதினைந்து நாள் பூட்டிவைத்தேன். பொருட்காட்சியில் கொட்டகை போட எனக்கு இடம் கிடைத்திருந்தது.

என் பெயர் கன்னையன். எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டுகிறவன். ஜவுளிக்கடை வாசலில் நின்று கும்பிடும் பொம்மைகளும் செய்திருக்கிறேன். அவை கையைத் தூக்கித் தூக்கி இறக்கும், அவ்வளவுதான். சின்னப் பிள்ளைகூட ஏமாறாது. ஆள்தான் என்று எல்லாரும் நம்பும்படி ஒன்று செய்ய ஆசைப்பட்டேன். மூன்று வருடம் ஆயிற்று. உடைத்த ஜீப்பிலிருந்து எடுத்த வைப்பர் மோட்டார், நெஞ்சுக்குள் கால்பந்து பிளாடர், ரப்பரில் தோல், நிஜமான தலைமுடி. கண் இமைக்கும், நெஞ்சு ஏறி இறங்கும். முகத்துக்கு அச்சு எடுத்தது என் தங்கை ராமுத்தாயின் புருஷன் சோலைமலையிடம்.

மாப்பிள்ளை முன்பு மலைமேல் ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்தவர். நெஞ்சு கெட்டு, இரைப்பு வந்து, கீழே இறங்கி எங்களோடு இருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை என்றதும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

திரையைத் தூக்கினால் மேடையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் மாப்பிள்ளை, ஒன்றில் பொம்மை. ஒரே சட்டை, ஒரே வேட்டி, ஒரே தலைப்பாகை. வெளிச்சம் குறைவு. கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஜனங்கள் எது ஆள் என்று கைகாட்ட வேண்டும். ராமுத்தாய் வாசலில் டிக்கெட் கிழிப்பாள்.

முதல் நாள் எல்லாரும் சரியாகக் காட்டினார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மேடையின் பக்கவாட்டில் இருந்த படுதாவில் ஓட்டை போட்டுப் பார்த்தேன். மாப்பிள்ளையின் சுண்டுவிரல் அசைந்தது. வாசலில் நின்ற ராமுத்தாய் உள்ளே எட்டிப் பார்த்துச் சிரித்தாள். யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்பது எனக்கு விளங்கவில்லை. வீட்டில் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் போனால் பேச்சு நின்றது. இதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டேன்.

"மாப்ளே, நீங்க வேணும்னே அசையுறீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல மச்சான். இருமல் உள்ளுக்குள்ள முட்டுது. அடக்கப் பார்க்குறேன், முடியல."

இருமலை அடக்கினால் விரல் எதற்கு அசைய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ராசிங்காபுரத்து விவசாயி ராக்கையா நாலு தடவை வந்து நாலு தடவையும் சரியாகக் காட்டினார். அவருக்கும் இவர்களுக்கும் ஏதோ பேச்சிருக்கும் என்று சந்தேகப்பட்டு, வெளியே மடக்கிக் கேட்டேன்.

"எப்படிண்ணே கண்டுபிடிக்கிறீக?"

"உன் பொம்மையில ஒரு குத்தமும் இல்லப்பா. ஆனா பக்கத்துல உக்காந்திருக்கவன் உசுரோட இருக்கான்ல, அது காட்டிக்குடுத்துருது."

அவர் சொன்னது நியாயம். பொம்மையில் செய்ய வேண்டிய வேலை முடிந்துவிட்டது. மீதி வேலை மாப்பிள்ளையிடம்தான் இருந்தது.

மறுநாள் அவர் காப்பியில் ஒரு தூக்க மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தேன். மாத்திரை வாங்கிய கடையை நீங்களே விசாரித்துவிட்டீர்கள், அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இருமல் குறைந்தது. ஜனங்களில் பாதிப் பேர் தவறினார்கள். அதற்கடுத்த நாள் இரண்டு கொடுத்தேன், தலை சாய்ந்துவிட்டது. அதனால் பொம்மைக்கு இருப்பதைப் போலவே அவர் சட்டைக்குள்ளும் முதுகோடு ஒரு இரும்புக் கம்பி வைத்துக் கட்டினேன். தலைப்பாகையையும் கம்பியோடு சேர்த்து முடிந்தேன்.

"முதுகுக்கு ரொம்பச் சுகமா இருக்கு மச்சான்" என்றார். என் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. எனக்கும் அவர் மேல் இல்லை.

அப்படியும் சிலர் சரியாகக் காட்டிவந்தார்கள். கடைசி நாள் நாலு மாத்திரை கொடுத்தேன். இரைப்புக்காரருக்கு நாலு அதிகம் என்று தெரியும். கடைக்காரர் ஒன்றுக்கே எச்சரித்திருந்தார்.

மூன்று மணி ஆட்டத்தில் மாப்பிள்ளையின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஓட்டை வழியாக நன்றாகத் தெரிந்தது. கண் பாதி மூடியிருந்தது. கட்டை அவிழ்த்துப் படுக்கவைத்திருந்தால் பிழைத்திருப்பார், பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னது சரிதான். நாலு மணிக்குத் திரையைத் தூக்கியபோது மூச்சு இல்லை. உதடு கருத்திருந்தது. ஐம்பது பேர் இருந்தார்கள். ஐம்பது பேரும் பொம்மையைக் கைகாட்டி, அதுதான் ஆள் என்றார்கள். ராக்கையாவும் அதையே காட்டினார்.

அன்று இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி இருந்தது. இரண்டையும் நடத்தினேன்.

கூட்டம் கலைந்ததும் ராமுத்தாய் டீ கிளாசோடு மேடைக்கு வந்தாள். நான் படுதாவுக்குப் பின்னால்தான் நின்றேன். மோட்டாரை நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அவள் இரண்டு நாற்காலியையும் பார்த்தாள். பிறகு நேராகப் பொம்மையிடம் போனாள்.

"இன்னைக்கு நீங்க இருமவே இல்லையே மாமா. டீ ஆறிப்போகும், வெரசா குடிங்க" என்றாள்.

பொம்மை கண்ணை இமைத்தது. அவள் சிரித்தாள்.

மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான், ஐயா. அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால், கிட்டே போனதுமே பொம்மை என்று தெரிந்துவிட்டதாக ராமுத்தாய் உங்களிடம் சொல்லியிருக்கிறாளாம். அது பொய். முந்தானையால் அதன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகும் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.