ஆறாம் நம்பர் அறையில் இருந்த என் சம்பந்திகள்

என் பெயர் சகாயமேரி, வயது 56, கணவர் பெயர் காலஞ்சென்ற அந்தோணிராஜ். சென்னீர்குப்பத்தில் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரம் உள்ள எங்கள் லாட்ஜை, கணவர் இறந்தபின் நானே நடத்தி, அதன் மாடியிலேயே குடியிருந்து வருகிறேன். தங்கியவர்களைப் பதிவு செய்யாமல் மறைத்தது குறித்து சார்பு ஆய்வாளர் கிருஷ்ணப்பிரியா அவர்கள் விசாரித்ததில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வதாவது. என்னைப் பேசவைக்க வற்புறுத்தல் தேவையில்லை என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். இதையும் எழுதச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

ஆறாம் நம்பர் அறையில் இருந்த இருவரின் பெயரை நான் முதலில் சொல்ல மறுத்தேன். பிறகு அவர்களே சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். பெரியவர் பெயர் ஜம்புலிங்கம். அவர் மனைவி பெயர் வசந்தா. இருவரும் போன வருடம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, வயர் கூடையோடு என் லாட்ஜுக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு அறை வேண்டும் என்று கேட்டார்கள். பகலுக்கு மட்டும் அறை கேட்கிறவர்களை நான் வாசலோடு அனுப்பிவிடுவது வழக்கம். ஆகவே நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று விறைப்பாகவே கேட்டேன். அதற்குப் பெரியவர் கோபப்பட்டு, "இன்னாம்மா கேள்வி இது, எங்களுக்குப் பேரன் பேத்தி எடுத்தாச்சு" என்றார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஆறாம் நம்பர் அறையின் சாவியைக் கொடுத்தேன்.

அதன்பின் அவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை வந்துகொண்டிருந்தார்கள். இவர்கள் அயனம்பாக்கத்தில் விவசாயம் செய்த பழைய குடும்பம் என்றும், நிலத்தைப் பாகம் பிரித்தபோது இரண்டு மகன்களுக்கும் சண்டை வந்து பேச்சுவார்த்தை நின்றுபோனது என்றும், நிலத்தோடு அப்பா அம்மாவும் பாகம் ஆனார்கள் என்றும் அந்த அம்மா என்னிடம் சொன்னார். பெரியவர் அயனம்பாக்கத்தில் மூத்த மகன் தமிழரசு வீட்டில் இருக்கிறார். அந்த அம்மா பட்டாபிராமில் இளைய மகன் தினகரன் வீட்டில் இருக்கிறார். இரண்டு வீட்டிலும் சாப்பாட்டுக்குக் குறையில்லை, யாரும் பூட்டியும் வைக்கவில்லை. ஆனால் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும் என்று வாயைத் திறந்தால் பாகச்சண்டை மறுபடி முதலில் இருந்து தொடங்கும். அதனால் பூந்தமல்லி கோயிலுக்குப் போவதாக இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டு ஆளுக்கொரு பஸ் பிடித்து என்னிடம் வந்துவிடுவார்கள்.

அறையில் என்ன செய்வார்கள் என்று சார்பு ஆய்வாளர் கேட்டார்கள். பெரியவருக்குக் குனிய முடியாது என்பதால் அந்த அம்மா அவருக்குக் கால் நகம் வெட்டிவிடுவார். அவர் பேப்பரைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார், எந்தச் செய்தியை முதலில் படிப்பது என்று இருவருக்கும் சண்டை நடக்கும். கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டுப் பெரியவர் தூங்குவார். அவருடைய குறட்டை என் மேஜை வரைக்கும் கேட்கும். ஒருநாள் டீ கொடுக்கப் போனபோது இந்தச் சத்தத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதற்கு அந்த அம்மா, "சின்னவன் ஊட்ல ராத்திரி ஒரு சத்தம் கெடையாது மேரி. அதான் தூக்கமே வர்ல" என்றார். அன்று முதல் இவர்கள் எனக்கு வாடிக்கையாளர்கள் இல்லை.

போன வருடம் வரை அவர்கள் காட்டும் ஆதார் அட்டையைப் பார்த்து நானே நோட்டில் எழுதி என் மேஜைக்குள் வைத்துக்கொள்வேன், அதில் அவர்களுக்கும் ஆட்சேபணை இருந்ததில்லை. அதன்பின் இந்த வருடம் லாட்ஜ்காரர்கள் எல்லோரையும் போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டு ஒரு ஆப் கொடுத்தார்கள். தங்க வருகிறவரின் ஆதார் எண்ணைப் போட்டால் அவருடைய செல்லுக்கு லாட்ஜின் பெயரும் ஊரும் போட்டு ஓ.டி.பி. போகும், அதை வாங்கிப் பதிந்தால்தான் சாவி கொடுக்க வேண்டும் என்றார்கள். உரிமையாளரின் சொந்தக்காரர்கள் வந்தால் பதிய வேண்டாம் என்றும் சொன்னார்கள். கடைசியில் சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

அந்த மாதச் சனிக்கிழமை இருவரும் வந்தபோது பெரியவரின் எண்ணை ஆப்பில் போட்டேன். பட்டனை அழுத்தப் போகும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய ஆதாரில் இருப்பது தமிழரசுவின் செல் நம்பர், அந்த அம்மாவின் ஆதாரில் இருப்பது தினகரனின் நம்பர். வயதானவர்களின் ஆதாரில் பிள்ளைகள் தங்கள் நம்பரைத்தான் கொடுக்கிறார்கள், எங்கள் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இதுதான். நான் அழுத்தியிருந்தால் அப்பா லாட்ஜில் இருப்பதாக ஒரு மகனுக்கும், அம்மா அதே லாட்ஜில் இருப்பதாக இன்னொரு மகனுக்கும் அந்த நிமிடமே தகவல் போயிருக்கும். பெரியவர் கூடையைத் தூக்கிக்கொண்டார். எங்கே போவீர்கள் என்று கேட்டதற்கு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொள்கிறோம் என்றார். எனக்குத் தாங்கவில்லை. கூடையைப் பிடுங்கி, "நீங்க லாட்ஜுக்கு வர்ல, எங்க ஊட்டுக்கு வந்துகீறீங்க. எவனா கேட்டா எனுக்கு சம்பந்தி" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். அன்றிலிருந்து அறை வாடகையும் வாங்கவில்லை. சம்பந்தியிடம் யாராவது வாடகை வாங்குவார்களா?

இந்த மாதம் சனிக்கிழமை மதியம் சார்பு ஆய்வாளர் தணிக்கைக்கு வந்து, ஆறாம் அறையில் ஆள் இருக்கிறது, ஆப்பில் இல்லையே என்று கேட்டார்கள். சம்பந்திகள் என்றேன். என் மகன் லிபினுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது அப்போது எனக்கு நினைவில்லை. பெண் பார்க்கிறோம் என்று போன மாதம் சார்பு ஆய்வாளரிடமே நான் புலம்பியிருக்கிறேன். அதன்பின் அவர்கள் மேலே போய் விசாரித்ததில், நான் சொன்னதை மறந்துவிட்ட பெரியவர் இது என் தங்கச்சி வீடு என்றார். சார்பு ஆய்வாளர் அவர் நெற்றித் திருநீறையும், சுவரில் இருந்த மாதா படத்தையும் பார்த்தார்கள். அந்த அம்மாவைக் கேட்டதற்கு, சமையல் வேலைக்கு வந்தவள் என்றார். நாங்கள் மூவரும் பொய் சொல்லப் பழகாதவர்கள்.

அட்டைகளை வாங்கிப் பார்த்ததில் இரண்டு முகவரி இருந்ததால் சந்தேகம் கூடியது. கீழே வந்ததும் நான் உண்மையைச் சொல்லி, இது போலீஸுக்குத் தேவையில்லாத விஷயம், பதிய மாட்டேன் என்றேன். அதற்குச் சார்பு ஆய்வாளர், போன மாதம் ஆவடியில் காணாமல்போன ஒரு பெண்பிள்ளை இந்தப் பதிவினால்தான் பத்திரமாகக் கிடைத்தாள் என்றும், ஆளுக்கொரு நியாயம் பார்த்தால் அடுத்த பிள்ளை கிடைக்காது என்றும், லாட்ஜின் அனுமதியை ரத்து செய்ய எழுத வேண்டிவரும் என்றும் சொன்னார்கள். அந்தப் பிள்ளை கிடைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். அதற்காக, கட்டின மனைவியைப் பார்க்க வந்த மனிதனைப் பிள்ளையிடம் ஏன் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். அவர்கள் அனுமதி ரத்தையே மறுபடி சொன்னார்கள், நானும் பதிய மாட்டேன் என்றே நின்றேன்.

அப்போது பெரியவர் அந்த அம்மாவோடு மாடியிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கிவந்து, சார்பு ஆய்வாளரிடம், "போட்டுக்கோ தாயி. எங்களால இந்தப் பொண்ணு பொயப்பு கெடக் கூடாது" என்றார். இனி நீங்கள் இங்கே வரமுடியாதே என்று நான் தடுத்தும் கேட்கவில்லை.

சார்பு ஆய்வாளர் பெரியவரின் எண்ணை ஆப்பில் போட்டார்கள். உடனே பெரியவரின் பட்டன் போனுக்குத் தமிழரசு கூப்பிட்டார். பெரியவருக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் பேசுவார், ஆகவே எல்லோருக்கும் கேட்டது. "நைனா, இன்னாமோ லாட்ஜுன்னு ஓ.டி.பி. வந்துகீது. எவனோ ஏமாத்துறான். எவன் கேட்டாலும் ஒண்ணும் சொல்லாத" என்றார்.

அதற்குப் பெரியவர், "ஏமாத்து இல்லடா. நான் உங்கம்மாவோட கீறேன். நம்பரச் சொல்லு" என்றார்.

நான் மாதாவை வேண்டிக்கொண்டேன். அதன்பின் தமிழரசு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். சொல்லி முடித்து, "அம்மா சாப்டுச்சா?" என்று கேட்டார். அந்த அம்மா போனை வாங்கி, "வெண்டக்கா கொயம்புடா. உனுக்கும் கொஞ்சம் கீது" என்று சொன்னதோடு போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அந்த அம்மாவின் எண்ணைப் போட்டபின் ஓ.டி.பி. கேட்டுக் கூப்பிட்டதற்குத் தினகரன் போனை எடுக்கவே இல்லை. அரைமணிக்குள் தமிழரசு பைக்கில் வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் ஓ.டி.பி.யை மறுபடி அனுப்பச் சொல்லி, தன் செல்லில் தம்பியைக் கூப்பிட்டார். அந்தப் பெயர் இத்தனை நாளும் அவர் செல்லில் அழிக்கப்படாமல்தான் இருந்தது. "அம்மாவுக்கு வந்த ஓ.டி.பி.ய சொல்லுடா" என்று மட்டும் கேட்டார். தினகரன் அம்மாவுக்கு என்ன ஆனது என்று பதறி, பிறகு எண்ணைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். பாகம் பிரித்ததற்குப் பின் அண்ணன் தம்பி பேசிக்கொண்டது அவ்வளவுதான். இப்போதைக்கு அதுவே போதும் என்று அந்த அம்மா சொன்னார்.

கடைசியாக எப்போது காலி செய்வார்கள் என்று ஆப் கேட்டது. பெரியவர் வழக்கம்போல் சாயங்காலம் என்றார். தமிழரசு தலையைக் குனிந்துகொண்டு, நாளைக் காலை என்று போடச் சொன்னார். சார்பு ஆய்வாளர் அப்படியே போட்டார்கள். மறுநாள் நான் டீ கொண்டுபோய்க் கதவைத் தட்டியபோது பெரியவர்தான் திறந்தார். அந்த அம்மா எழுந்திருக்கவில்லை, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பதியாமல் விட்டது என் குற்றம், அதற்குள்ள தண்டனையைக் கொடுங்கள். தங்குகிற தகவல் யாருக்குப் போவது என்பது தங்குகிறவரின் சம்மதத்தோடு இருக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. சம்பந்தி என்று நான் சொன்னது மட்டும் பொய், அதையும் வாபஸ் வாங்க எனக்கு மனமில்லை.

(ஒப்பம்) சகாயமேரி