வடக்குச் சரிவில் விழுந்த ஆலங்கட்டி

— பாத்து இறங்கும்மா டார்லா, ஏணியில மூணாவது படி ஆடும். மேல எப்படி, கூரை நாசமா?

— நாசம்னு சொல்ல முடியாது வெர்னன் மாமா. வடக்குச் சரிவுல மட்டும் அங்கங்க குழி விழுந்து ஓடு உடைஞ்சிருக்கு.

— நான்தான் போன்லயே சொன்னேனே! செவ்வாய்க்கிழமை கொட்டுச்சு பாரு ஆலங்கட்டி, ஒவ்வொண்ணும் கோல்ஃப் பந்து சைஸ். இந்த அமரில்லோவுல எழுபத்தெட்டு வருஷமா வானத்தைப் பாத்துட்டிருக்கேன். என்கிட்டயா?

— சரி சரி, வானத்துக்கே மாமனார் நீங்க. இந்தாங்க, வண்டியிலேருந்து ரெண்டு தார் ஓடு, மேல மணல் ஒட்டினது, எடுத்தாந்திருக்கேன். இது வழக்கமா நீங்க கேக்கறது. இது நாலாம் தரம், இருக்கறதுலயே ஒசத்தி, அடி தாங்கறது. இருபது அடி உயரத்துலேருந்து இரும்புக் குண்டை ஒரே இடத்துல ரெண்டு தடவை போட்டுப் பாப்பாங்க. பின்பக்கம் கீறல் விடலேன்னாதான் இந்தப் பேரு குடுப்பாங்க.

— எனக்குப் பழசே போதும்.

— போன வசந்தத்துலயும் இதையேதான் சொன்னீங்க. ஒரு வருஷம் தாங்குச்சா?

— தாங்கலேன்னா என்ன, நீ இல்லையா? இந்த ஊர்ல உன்னைவிட நல்ல கூரைக்காரி யாரு இருக்கா?

— யாரும் இல்ல. அது உண்மைதான்.

— பின்ன! எனக்குப் பொறந்த கழுதைதான் அது தெரியாம உன்னை விட்டுட்டு ஃபீனிக்ஸுக்கு ஓடினான்.

— ரேண்டல் பேச்சு இப்ப எதுக்கு? விவாகரத்து ஆனப்புறமும் உங்களை மாமான்னுதானே கூப்பிடறேன்?

— கூப்பிடறே, இல்லேங்கல. வா, மொதல்ல சாப்பிடு. நெஞ்சுக்கறி விடிகாலையிலேருந்து புகையில வெந்துட்டிருக்கு. சோள ரொட்டியும் சுட்டுட்டேன்.

— கறி எங்கயும் ஓடிப்போகாது. எந்த ஓடுன்னு முடிவு பண்ணுங்க. நாலாம் தரம் போட்டா இருபது வருஷத்துக்கு என்னைக் கூப்பிடவே வேண்டாம்.

— அதான் வேண்டாங்கறேன்.

— என்ன?

— அதாவது... கலர் எடுபடாதும்மா நம்ம வீட்டுக்கு.

— ரெண்டுமே ஒரே சாம்பல் நிறம் மாமா. இது மாதிரிக்குக் கொண்டாந்தது. உங்க கூரையில இருக்கற கறுப்பும் வரும். சரி, இன்ஷூரன்ஸுக்குப் போன் போடவா? ஆலங்கட்டி சேதம்னா அவங்க பாத்துப்பாங்க.

— வேண்டாம் வேண்டாம்! நான் ஒருத்தரையும் ஏமாத்... ஒருத்தருக்கும் தொந்தரவு குடுக்கறவன் இல்ல.

— அப்ப நீங்களே சோதிச்சுப் பாருங்க. ரெண்டையும் தரையில வெக்கறேன். ஒரு சுத்தியல் கொண்டாங்க, அடிங்க.

— கொண்டாரேன். ஆனா சொல்லிட்டேன், இது இரும்புக் கை. அப்புறம் உன் ஓடு தூளாச்சுன்னா அழக்கூடாது... இந்தா, உருண்டைத் தலைச் சுத்தியல். இப்படித் தள்ளி நில்லு. ஹுக்! பாத்தியா, பழசு பொளந்துடுச்சு!

— இப்ப அது.

— ஹுக்! ஹுக்! அட சனியனே, அசைய மாட்டேங்குதே!

— போதும் மாமா, தோள்பட்டை கழண்டுடும். சுத்தியலைக் குடுங்க. இதென்ன, இதோட தலையில கறுப்பு மணல் ஒட்டியிருக்கு?

— இப்ப அடிச்சேனே, அதுல ஒட்டியிருக்கும்.

— இப்ப அடிச்சது சாம்பல். கறுப்பு உங்க கூரை.

— கறி கருகுதுபோல, போய்ப் பாத்துட்டு வரேன்.

— நில்லுங்க. நம்ம ஊர்ல ஆலங்கட்டி தென்மேற்கேருந்துதான் வரும். உங்க தெற்குச் சரிவுல ஒரு கீறல் கிடையாது. ஏணி சாத்தற வடக்குல மட்டும் குழி, அத்தனையும் ஒரே அளவு. நடுவுல நிக்கற தகரக் குழாய் ஒரு நெளிசல்கூட இல்லாம பளபளன்னு இருக்கு. அதை அடிக்க மறந்துட்டீங்க.

— அடச்சே, குழாய்!

— சிரிக்காதீங்க! இந்த வயசுல, ஆடற படியில ஏறி! விழுந்திருந்தா யாரு பாத்திருப்பா? எதுக்கு இந்த வேலை?

— கூரை நல்லாயிருந்தா நீ எதுக்கு இந்தப் பக்கம் வரப்போறே? மகனே போனப்புறம், அந்தப் பொண்ணுக்கும் உனக்கும் என்ன உறவுன்னு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? கூரை ஒழுகுதுன்னா சொல்லிக்கலாம். தனியா உக்காந்து சாப்பிட்டு அலுத்துப்போச்சும்மா.

— நாலாம் தரம்தான் போடறேன். வாயைத் திறக்காதீங்க. சுத்தியலும் ஏணியும் என் வண்டியில ஏறுது.

— ஏத்திக்கோ. இன்னிக்கு மாட்டிக்கிட்டேன், ஒத்துக்கறேன். ஆனா போன வருஷம் நீ கண்டுபிடிக்கல பாத்தியா! மேல ஏறிப் பாத்துட்டு, பொல்லாத ஆலங்கட்டி மாமான்னு சொன்னே. அந்த ஆட்டத்துல நான்தான் ஜெயிச்சேன்!

— போன வருஷமும் குழாய் பளபளன்னுதான் இருந்துச்சு மாமா. அப்ப ஏணிப் படி ஆடல, அதனால பேசாம இருந்தேன். ரெண்டு நாள்ல முடியற வேலையை ஒரு வாரம் இழுத்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?