சுவர் முழுக்க ஒரு படம்

சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். மலாக்காவில் காஜா பேராங் போகிற பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். சன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்:

"எங்க லோரோங்குச் சந்து, வீடு, கிணறு எல்லாத்தையும் பசை போட்டு மறைச்சிட்டானுங்க, அக்கா."

"என்னடி சொல்ற?"

"தண்ணி பைப்பு கேட்டு ஆபீசுக்குப் போனேன். சுவர் பூரா ஒரு படம். பெரிய பெரிய தாளா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, மலாக்கா வீடு அத்தனையும் பொடிப்பொடியா வரைஞ்சிருக்கு. புக்கிட் பாரு மாட்டுக் கொட்டகைகூட இருக்கு. எங்க லோரோங்கு மட்டும் இல்ல."

"அந்த ஆபீசு கெராணியக் கேக்கலையா?"

"கேட்டேன். படத்துல வீடே இல்ல, பைப்பு எதுக்குங்கறான். கிட்டப் போய்ப் பாத்தேன். ரெண்டு தாள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒட்டின இடம். நகத்தால லேசாக் கிளப்பினேன். அடியில எங்க வீடுங்க வரிசையா இருக்கு, அக்கா."

"அவன் பாத்தானா?"

"நல்லாப் பாத்தான். அரசாங்கப் படத்தக் கிழிக்கிறியான்னு திட்டிட்டு, என் கண்ணு முன்னாலயே பசை தடவித் திரும்ப ஒட்டிட்டான்."

மூத்தவள் கேட்டாள்:

"வெள்ளைக்காரன் போனா நம்ம கஷ்டம் கேப்பாங்கன்னாங்களே. இப்ப தண்ணிக்கு என்ன செய்யப் போற?"

"கிணத்துத் தண்ணி குடிச்சு சின்னவளுக்கு வயித்துப்போக்கு நிக்கல. நாளைக்கு லோரோங்குப் பொம்பளைங்க எல்லாரும் ஆபீசுக்குப் போறோம். ஒருத்தியும் நகம் வெட்டக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."