இருபத்தாறு பல்

காபி நன்றாக இருக்கிறது. காவல் நிலையத்துக் காபி கழுநீர் மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சும்மா சொல்லியிருக்கிறார்கள்.

பினியனைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். ரிமோட்டில் ஓட்டும் பந்தயக் காருக்குள் இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கடித்தபடி சுற்றும். பெரியது டயர்களை ஓட்டும். சின்னது மோட்டாரின் தண்டில் இருக்கும், அதுதான் பினியன். பினியனில் பல் கூடினால் நேர்ப்பாதையில் கார் பறக்கும், ஆனால் மோட்டார் திணறிச் சூடாகும். பல் குறைந்தால் வளைவிலிருந்து சட்டென்று கிளம்பும், சூடும் ஏறாது. மேட்டில் சைக்கிளைக் கனமான கியரில் மிதித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் கிளப்பின் ஓடுதளம் பழைய உருளைக்கிழங்குக் கிடங்குக்குள் இருக்கிறது. இடம் சின்னது, திரும்பின பக்கமெல்லாம் வளைவு. அங்கே இருபத்திரண்டு பல்லுக்கு மேல் போடுகிறவனுக்கு மூளை இல்லை என்று அர்த்தம். பல வருடங்களாக எல்லோருக்கும் இதைச் சொல்லி வந்திருக்கிறேன். ஆர்வோவுக்கும் முதலில் இதைத்தான் சொன்னேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆர்வோ போன இலையுதிர்காலத்தில் குவோப்பியோ நகரத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்தான். விவாகரத்து ஆனவன். ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. ஊரில் ஒருவரையும் தெரியாது. ஒரு வியாழக்கிழமை புதுக் காரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு பை நிறைய ஏலக்காய் பன்னோடு கிடங்குக்கு வந்து சேர்ந்தான்.

"அண்ணே, இதுக்கு எத்தனை பல் போடணும்? யாரைக் கேட்டாலும் பென்ட்டி அண்ணனைக் கேளுன்னு உங்களையே கை காட்டுறாங்க."

"இருபத்திரண்டு. கண்ணை மூடிட்டுப் போடு."

போட்டான். கார் அருமையாக ஓடியது. நன்றி சொன்னான், ஒரு பன்னும் கொடுத்தான். அதற்குப் பிறகு வாரக்கணக்கில் கிளப்பில் என் மேஜைப் பக்கம் வரவில்லை. தூரத்திலிருந்து கையை உயர்த்துவான், அவ்வளவுதான். குற்றம் சொல்லவில்லை. கேட்பதற்கு அவனிடம் ஒன்றும் இல்லை. சரியான பதில் சொன்னால் ஆள் போய்விடுகிறான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

எங்கள் ஊரில் காரணம் இல்லாமல் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. அது மரியாதை. நான் படி இறங்கிப் போகும்வரை எதிர்வீட்டுக்காரர் கதவுத் துவாரத்தில் பார்த்துக்கொண்டு உள்ளேயே நிற்பார். அவர் போகும்போது நானும் அப்படித்தான் நிற்பேன். மனைவி சுவீடனுக்குப் போன பிறகு என் வீட்டுக்குள் வந்த ஒரே மனிதர் தண்ணீர் மீட்டர் மாற்ற வந்தவர். அவரும் ஷூவைக் கழற்றவில்லை. தனிமை பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பழகவே இல்லை. சனிக்கிழமை மதியம் ஆனால் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்தது போல இருக்கும். மேஜைமேல் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஒன்றை உள்ளே வைப்பேன்.

பனி விழத் தொடங்கியபோது ஆர்வோ புது மோட்டார் வாங்கினான். பழையபடி வந்து கேட்டான். இருபத்தாறு, என்றேன்.

கார் ஓடி நின்றதும் மோட்டாரை விரலால் தொட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். சூட்டில் விரல் நிற்காவிட்டால் பல்லைக் குறைக்க வேண்டும். ஆனால் ஆர்வோ தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலண்ணே. தினமும் அடுப்புல கைய விட்டு மரத்துப்போச்சு. கொதிக்கிற தட்டக்கூட அப்படியே தூக்கிடுவேன்."

அதனால் என்னிடம் இருந்த, சூடு அளக்கும் துப்பாக்கியை அவனுக்குக் கொடுத்தேன். பொத்தானை அழுத்தினால் சிவப்புப் புள்ளி விழும், விழுந்த இடத்தின் சூடு எண்ணாகத் தெரியும். மோட்டாரின் முன்பக்கத்தில் பளபளப்பான ஒரு வளையம் இருக்கிறது. புள்ளியை அங்கே வைக்கச் சொன்னேன். பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி சூட்டைக் குறைத்துத்தான் காட்டும். பக்கத்திலேயே இருக்கும் கறுப்பு உடம்பில் வைத்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். கிளப்பில் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆர்வோ அடுப்பை எண் பார்த்தே ஓட்டிப் பழகியவன். எண் பொய் சொல்லும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

"பாருங்கண்ணே, பச்சத் தண்ணி மாதிரி இருக்கு," என்பான். சந்தோஷமாகச் சொல்வான்.

மோட்டார் சீக்கிரமே செத்தது. அந்தச் சனிக்கிழமை மதியம் என் கதவு தட்டப்பட்டது. ஆர்வோ வாசலிலேயே ஷூவைக் கழற்றினான். சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து மோட்டாரைப் பிரித்தோம். அவன் கொண்டுவந்த பன்னைத் தின்றோம். சாயங்காலம் சவுனாவில், அந்த நீராவிக் குளியல் அறையில், உட்கார்ந்திருந்தபோது அவன் தன் மனைவியைப் பற்றிச் சொன்னான். நானும் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"உங்களுக்குத்தான் என்னால தொந்தரவு."

"போடா. இதுல என்ன தொந்தரவு?"

அதற்குப் பிறகு மோட்டார்கள் செத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வேன். ஒருமுறை தூசி, ஒருமுறை மட்டமான பேரிங். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். நான் அவனை ஏமாற்றினேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் அவன் முகத்தையும் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டீர்கள். அவனுக்கும் போக வேறு இடம் இல்லை.

மிர்யா மட்டும் குறுக்கே வராமல் இருந்திருக்கலாம். அவள்தான் கிளப்பை நடத்துகிறாள். பெரிய குரல், அதைவிடப் பெரிய மூக்கு. போன வியாழக்கிழமை ஆர்வோவின் கார் ஓடி நின்றதும் அந்த மூக்கை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"டேய் ஆர்வோ, என்னடா கருகுது? கடையில ரொட்டியக் கருக்குறது பத்தாதுன்னு இங்கயுமா?"

"இல்லக்கா, இப்பத்தான் அளந்து பாத்தேன். சூடே இல்ல."

"எத்தனை பல்லு போட்டிருக்க?"

"பென்ட்டி அண்ணன் சொன்னதுதான். இருபத்தாறு."

"பென்ட்டியாவது இருபத்தாறு சொல்றதாவது! காதுல சரியா வாங்கியிருக்க மாட்ட. சனிக்கிழமை வண்டிய எங்க வீட்டுக்கு எடுத்துட்டு வா, நான் பாக்குறேன். நம்ம ஆளுங்க எல்லாரும் வர்றாங்க, இருந்து சாப்பிட்டுட்டுப் போ."

ஆர்வோவின் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒருவரைச் சும்மா வீட்டுக்குக் கூப்பிடுவது சின்ன விஷயம் இல்லை. இத்தனை வருடத்தில் அவள் என்னை ஒருமுறை கூட அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை.

சற்று நேரம் கழித்து ஆர்வோ தயங்கித் தயங்கி என் மேஜைக்கு வந்தான்.

"இந்தச் சனிக்கிழமை வர முடியாதுண்ணே. தப்பா நினைக்காதீங்க. அப்புறம், இந்த பேட்டரி உப்பிக் கிடக்கு, தூக்கிப் போட்டுடவா?"

வாங்கிப் பார்த்தேன். பன் மாதிரி உப்பியிருந்தது. மாதக்கணக்கில் அந்தக் கனமான கியரை இழுத்த பேட்டரி வேறு எப்படி இருக்கும்? உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடக்கூடாது, அது தீப்பிடிக்கும். கிளப்பில் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். ஆர்வோவுக்கு மட்டும் சொல்லாமல் விட்டிருந்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. முழுசா சார்ஜ் ஏத்தி எடுத்துட்டுப் போ. அப்பத்தான் மிர்யாவால வண்டிய ஓட்டிப் பாக்க முடியும். எங்க வெச்சுப் போடுவ?"

"வாசக் கதவுக்கிட்ட, கோட்டு மாட்டுற இடத்துக்குக் கீழ. இரும்புப் பெட்டிக்குள்ள வெச்சுத்தான் போடுவேன். நாளைக்கு வேலை முடிஞ்சு வந்து போட்டுட்டுப் படுத்துடுறேன்."

"பெட்டி வேண்டாம்டா. கொஞ்சம் காத்து படட்டும்."

"சரிண்ணே."

விடியுமுன் எழ வேண்டிய அடுப்பு வேலைக்காரன் மற்றவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே தூங்கிவிடுவான். அதுவும் எனக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே என் வீட்டுச் சின்ன அறையின் படுக்கை விரிப்பை நான் துவைத்தது ஏன் என்று உங்கள் சக அதிகாரி கேட்டார். அவரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். வீடு எரிந்துபோனால் அவனுக்கு இருக்க ஓர் இடம் வேண்டும். என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. கோட்டுகள் எரியும், கூடம் எரியும், அவன் பெட்டியோடு என் வாசலில் வந்து நிற்பான் என்றுதான் நினைத்தேன். அவன் மேல் ஒரு கீறல் விழக்கூட நான் விரும்பியதில்லை. அவன் வீடு மூன்றாம் மாடியில் என்பது தெரியும். வீட்டுக்கு அந்த ஒரே கதவுதான் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தபோது நான் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, வாசல்ல எரியுது. வெளிய போக முடியல. ஒரே புகையா இருக்கு. என்ன பண்ணட்டும்? தீயணைப்புக்கு அடிக்கட்டுமா?"

"வேண்டாம். யாரையும் கூப்பிடாத. நான் வர்றேன். போனை வைக்காம லைன்லயே இரு."

இருந்தான். எப்போதும் நான் சொன்னதைக் கேட்பவன். காரை எடுத்தேன். சாலையெல்லாம் உறைபனி, அவசரப்பட்டு ஓட்ட முடியாது. போகும் வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். சின்ன அறையில் படுக்கை போட்டிருப்பதைச் சொன்னேன், துவைத்த விரிப்பு என்பதையும் சொன்னேன். அவன் இருமிக்கொண்டிருந்தான். பிறகு இருமலும் கேட்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது கீழ்வீட்டுக்காரர்கள் யாரோ கூப்பிட்டுத் தீயணைப்பு வண்டி வந்திருந்தது.

மிர்யா வந்து அழுதுவிட்டுப் போனாள் என்கிறீர்கள். அழட்டும். அவள் எண்ணும் அவன் போனில் இருந்தது, நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் உயிர் போகிற நேரத்தில் அவன் கூப்பிட்டது என்னைத்தான். கடைசிவரை அவனோடு பேசிக்கொண்டிருந்ததும் நான்தான். வேறு எதை விட்டாலும் இதை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், ஆர்வோ தனியாகச் சாகவில்லை.