மூணு மணி வரைக்கும்

அந்த ரயிலை விடுங்க தம்பி, சாயங்காலம் வேற வண்டி இருக்கு. நவம்பர் மாசத்துல எங்க லிகூரியா கடற்கரைக்கு ஒருத்தர் வர்றதே அதிசயம். வந்தவரும் அரை நாள்ல ஓடினா எப்படி? மூணு மணி வரைக்கும் இருங்க, போதும்.

உக்காருங்க. நெத்திலி எண்ணெயில ஊறினது, ஃபொகாச்சா ரொட்டி காலையில சுட்டது. ஒயின் ஊத்தறேன். அந்தப் பாறைச் சரிவுல கல் வரப்பு தெரியுதே, அங்க விளைஞ்ச திராட்சை.

உங்க சுற்றுலாப் புத்தகத்துல மீனவ கிராமம்னா போட்டிருக்கு? லத்தீன் வாத்தியாரா காலம் தள்ளினவன், திருத்தாம இருக்க முடியல. எங்க ஊர்க்காரங்களுக்குக் கடல்னா பயம். நாங்க திராட்சைக்காரங்க. படகுலேர்ந்து அடையாளம் தெரியத்தான் வீட்டுக்கு ஒரு நிறம் அடிச்சோமாமா? அது உங்களை மாதிரி வர்றவங்களுக்காகக் கட்டிவிட்டது. கடையில அன்னிக்கு மஞ்சள்தான் இருந்துச்சு, என் வீடு மஞ்சளாயிடுச்சு.

கோட்டை, செங்குத்துப் பாறை எல்லாம் பாத்தாச்சு. ஜன்னலுங்களைப் பாத்தீங்களா? அத்தனையும் சாத்தியிருக்கு. எல்லாம் வாடகை அறைங்க. கோடையில துணி காயப்போட இடம் இருக்காது. இப்ப நான் இருமினா ஊர்க்கோடியில என் சிநேகிதன் பாச்சிச்சாவுக்குக் கேக்குது. இன்னும் போய்ச் சேரலையா வாத்தியாரேன்னு அங்கேர்ந்தே கத்துவான். இன்னிக்குத்தான் கத்தல.

மூணு மணிக்கு என்னவா? பக்கத்து ஊர்லேர்ந்து பாதிரியார் வர்றார். இங்க வண்டி ஏறாதுல்ல, தெருவே படிக்கட்டு. பெட்டியை நாலு பேர் தோள் குடுத்துத்தான் கீழ கல்லறைக்கு இறக்கணும். காசுக்கு ஆள் புடிக்கறது வழக்கமில்ல. ஒயின் குடுத்துக் கேப்போம். சாவு வீட்டுக்காரன் தோள் குடுக்கக்கூடாது, பின்னாடிதான் நடக்கணும். பாச்சிச்சா இருக்கான், அவன் மச்சான் நீலோ, அப்புறம் ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்கறவர். அவ்வளவுதான் தேறுது.

கிளாஸை ஏன் கீழ வெச்சுட்டீங்க? மனசில்லேன்னா குத்தமில்ல தம்பி. நெத்திலியையாவது சாப்பிட்டுட்டுப் போங்க.

இருக்கீங்களா? சரி.

கனமா இருக்கும்னு பயப்படாதீங்க. தெல்ஃபீனா, என் பொண்டாட்டி, மாடியிலதான் இருக்கா. கடைசி வாரமெல்லாம் நானே தூக்கித்தான் ஜன்னல்கிட்ட உக்கார வெப்பேன். ஒரு கனமும் இல்ல. படியிறங்கறப்ப பாரமெல்லாம் முன்னாடி போறவங்களுக்குத்தான், உங்களைப் பின்னாடி நிறுத்தச் சொல்றேன். அங்கேர்ந்து கடல் முழுசா தெரியும். மறைக்க ஆளுமில்ல, உங்களுக்குப் பின்னாடி வரப்போறதும் நான் ஒருத்தன்தான்.