ஆயிரத்து ஏழு

வகுத்தல் சொல்லிக்கொடுக்கும்போது, மீதி வராத கணக்குகளைத்தான் நான் முதலில் கொடுப்பேன். பிள்ளைகள் பயப்படாமல் கற்றுக்கொள்வார்கள். சுங்கை லாலாங் ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஹெர்பர்ட் வாத்தியார் அடித்தார் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம், ஐயா.

மகள் அகத்தாவைத் தாயில்லாமல் வளர்த்தேன். அவள் பால்மரம் வெட்டும் குழந்தைவேலுவைக் கட்டிக்கொண்டு கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போனபோதும் நான் சத்தம் போடவில்லை. பேச்சை நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். அவன் கெட்டவன் இல்லை. மாதா கோயிலில் என் பக்கத்து இடம் காலியாக இருந்ததுதான் எனக்குக் குறை.

ஜப்பான்காரன் காலத்தில், சயாம் ரயில் பாதை வேலைக்குச் சுற்றுத் தோட்டங்களில் ஆட்களைப் பிடித்து, சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனுக்கு வெளியே உட்கார வைத்திருந்தார்கள். மொத்தம் ஆயிரத்து ஏழு பேர். கணக்குப் பார்க்க என்னைக் கூட்டிப் போனார்கள். குழந்தைவேலு அதில் இல்லை. மலேரியாக் காய்ச்சலில் கிடந்தவனை விட்டுவிட்டிருந்தார்கள்.

ஜப்பான் அதிகாரி மலாயில் சொன்னதைத் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி முருகையா எனக்குச் சொன்னார். "வாத்தியாரே, சமமாப் பிரிக்கணுமாம். எந்தக் கூட்டத்துலயும் ஒரு ஆள் கூடவோ குறையவோ கூடாதாம்."

மண்ணில் குச்சியால் எழுதிப் பார்த்தேன். ஏழில் போகவில்லை, பதினொன்றில் போகவில்லை, பதின்மூன்று, பதினேழிலும் இல்லை. பத்தொன்பதில் போனது. கூட்டத்துக்குப் பத்தொன்பது பேராக ஐம்பத்து மூன்று கூட்டம், மீதி இல்லை. வேலை அங்கேயே முடிந்திருக்கும்.

அதைக் காலால் அழித்தேன். "இது எதாலயும் வகுபடாத எண், கிராணி."

"ஒரு ஆள வீட்டுக்கு அனுப்பிட்டா சரியாயிடும்லா?"

"ஆயிரத்து ஆறு ரெண்டு பாதியாப் பிரியும், இல்ல சோடி சோடியாப் பிரியும். வேற வழியில்ல. ஒருத்தரச் சேர்த்து ஆயிரத்தெட்டு ஆக்கிட்டா எப்படி வேணும்னாலும் பிரிக்கலாம்."

இது மட்டும் உண்மை.

இன்னொரு ஆளுக்கு எங்கே போவது என்றார். லயத்தையும் வீட்டையும் நானே சொன்னேன். காய்ச்சல் இறங்கிவிட்டது என்றும் சொன்னேன்.

"உங்க மருமவன்தானே, வாத்தியாரே?"

"அவங்களுக்கு எண்ணிக்கைதானே வேணும்," என்றேன்.

இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அவனைக் கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்ததும் நடுங்கிக்கொண்டே கும்பிட்டான். "மாமா, அகத்தாவப் பாத்துக்குங்க," என்றான். என்னை அவன் மாமா என்று கூப்பிட்டது அப்போதுதான்.

நான் நினைத்தபடியே அகத்தா வீடு திரும்பினாள். மரவள்ளிக்கிழங்கு அவித்து எனக்கு வைப்பாள். அவள் தொட மாட்டாள். கொஞ்ச நாளில், சயாமுக்குப் பெண்களும் வரலாம் என்றார்கள். அவளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள்.

"அங்க அவருக்குக் கஞ்சி வச்சுக் குடுக்க ஆள் இல்லப்பா," என்றாள்.

காலில் விழாத குறையாகத் தடுத்தேன். அவனைப் பிடித்துக் கொடுத்தது என் வேலைதான் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் என் முகத்தில் விழிக்க மாட்டாளே.

சயாமிலிருந்து உயிரோடு திரும்பிய சுப்பிரமணியம் நேரே என்னிடம்தான் வந்தார். வாந்திபேதியில் முதலில் அவன் போனானாம், பிறகு அவள். மூங்கில் படுக்கையில் கிடந்தவள், "அப்பா தனியா இருப்பாரு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

ஐயா, நடந்ததை நடந்தபடி எழுதிக்கொள்ளுங்கள். நான் அனுப்பியது ஒரே ஒரு ஆளைத்தான். அகத்தா தானாகப் போனாள்.